எறியும் டிஸ்ட்ரக்டரா, முடிக்கும் அழைப்பா? முப்பந்தலில் தொலைந்த ஒரு நாளின் கணக்கு

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், மே முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் காற்றாலைகளுக்கு ஓய்வில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் கணவாயில் நின்று கேட்டால் அதை மிகை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆலை வைத்திருப்பவர்களுக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான் வருகிறது. ஆடியில் ஒரு நாள் கணக்குத் தொலைந்தால், மற்ற மாதங்களில் பல நாள் கணக்குத் தொலைந்ததற்குச் சமம்.

நாகர்கோவிலில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதிய சி++ நிரல் ஒன்று அந்தக் கணக்கைத் திரட்டுகிறது. நள்ளிரவு கழிந்ததும் ஒவ்வோர் ஆலையின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்தும் முந்தைய நாளின் அளவுகளை வாங்கி, 15 நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் 96 வரிகளை ஒரு நாள்கோப்பாக எழுதும். நாட்டின் மின்கட்டமைப்புக் கணக்கே 15 நிமிடக் கட்டங்களாக நடப்பதால் எங்கள் கோப்பும் அப்படியே அமைந்தது.

ஒரு நாள் காலை, தளத்தைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நேற்றைய கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லையே" என்றார். "பதிவேட்டில் என்ன இருக்கிறது அண்ணே?" என்று கேட்டேன். "எல்லா ஆலைக்கும் முடிந்தது, முடிந்தது என்றுதான் இருக்கிறது" என்றார். தோவாளைப் பூச்சந்தையைத் தாண்டி நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் காரணம் தெரிந்துவிட்டது. வட்டு நிறைந்திருந்தது. கோப்புகள் பெயரளவில் உருவாகியிருந்தன, எல்லாம் 0 பைட். பெட்டிகளில் சில பழையவை. ஒரு நாளுக்கு மேல் விவரத்தை வைத்திருக்காதவை. அவற்றின் 96 வரிகள் போனது போனதுதான்.

எங்கள் நிரல் ஒவ்வொரு வரியை எழுதிய பிறகும் நிலை சரியா என்று சோதித்துக்கொண்டுதான் இருந்தது. சோதனை ஒவ்வொரு முறையும் சரி என்றே சொன்னது, அது பொய்யும் இல்லை. கோப்பில் எழுதச் சி++ லைப்ரரி தரும் ஓஎஃப்ஸ்ட்ரீம், எழுதியதை உடனே வட்டுக்கு அனுப்புவதில்லை. முதலில் நினைவகத்தில் பஃபர் என்ற இடைச்சேமிப்பில் சேர்க்கிறது. லினக்ஸில் ஜி.சி.சி. என்ற கம்பைலரோடு (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) வரும் லைப்ரரியில் அந்தப் பஃபர் ஏறக்குறைய 8 கிலோபைட். எங்கள் 96 வரிகளும் 5 கிலோபைட்டைத் தாண்டாது. ஆக நாள் முழுவதற்குமான விவரம் பஃபரிலேயே உட்கார்ந்திருந்தது. வட்டைத் தொட்ட ஒரே தருணம், ஆப்ஜெக்ட் அழியும்போது தானாக ஓடும் டிஸ்ட்ரக்டர் என்ற ஃபங்ஷன் கோப்பை மூடிய தருணம். அங்கே எழுதுதல் தோற்றது. மூடும்போது எழும் எந்த எக்ஸெப்ஷனையும் (தோல்வியை அழைத்தவருக்குச் சொல்ல நிரல் "எறியும்" அறிவிப்பு) பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், வெளியே விடக்கூடாது என்பதுதான் அந்த டிஸ்ட்ரக்டருக்குச் சி++ தரநிலை விதித்திருக்கும் நடத்தை. அது விதிப்படி நடந்துகொண்டது. எங்கள் கணக்குத் தொலைந்தது.

அன்று மாலை நால்வரும் உட்கார்ந்து பேசியபோது முதலில் எழுந்த யோசனை, நமக்கென்று ஒரு கோப்பு கிளாஸ் (ஆப்ஜெக்டின் வரையறை) எழுதி, மூட முடியாவிட்டால் அதன் டிஸ்ட்ரக்டரே எக்ஸெப்ஷன் எறியட்டும் என்பது. எறிந்தால் ஆபத்து என்று எல்லாருமே படித்திருந்தோம். ஆனால், ஆபத்து வந்தால் கம்பைலர் சொல்லிவிடாதா என்று எங்களில் இளையவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடிய பிறகுதான் எங்களால் வழிகளை ஒப்பிடவே முடிந்தது. அதனால் அந்த விடையை முதலில் சொல்கிறேன்.

கம்பைலர் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

எக்ஸெப்ஷன் பாதுகாப்பை மூன்று உறுதிகளாகப் பிரித்துத் தந்தவர் சி++ வல்லுநர் டேவ் ஏப்ரகாம்ஸ். தோல்விக்குப் பிறகும் எதுவும் கசியாது, ஆப்ஜெக்ட் சீராக இருக்கும் என்பது அடிப்படை உறுதி. ஒன்று வேலை முழுதாக முடியும், அல்லது தொடங்காததுபோல இருக்கும் என்பது வலுவான உறுதி. எக்ஸெப்ஷன் வெளியே வரவே வராது என்பது எறியா உறுதி. இவற்றில் முதல் இரண்டைப் பற்றிச் சி++ கம்பைலருக்கு எதுவுமே தெரியாது. "தொடங்காததுபோல" என்றால் என்ன என்பது எங்கள் நாள்கோப்பின் பொருளைச் சார்ந்தது. மொழியில் அதை எழுதிக்காட்ட இடமில்லை. மூன்றாவதைத்தான் நோஎக்ஸெப்ட் என்ற சொல்லால் எழுதலாம்.

எழுதினால் சோதிக்குமா? அறிவிப்பைச் சோதிக்கும், உடலை, அதாவது ஃபங்ஷனுக்குள் இருக்கும் வரிகளை, சோதிக்காது. ஒரு ஃபங்ஷனுக்கு நோஎக்ஸெப்ட் என்று போட்டுவிட்டு, உள்ளே எறியக்கூடிய பத்து ஃபங்ஷன்களை அழைத்தாலும் நிரல் பிழையின்றிக் கம்பைல் ஆகும். அழைக்கப்படுகிறவற்றின் உடல் வேறொரு கோப்பில் இருக்கலாம், கம்பைலர் அதைப் பார்த்தே இருக்காது. ஆகவே மொழி வேறொன்றைச் செய்கிறது: எறியமாட்டேன் என்று சொன்னவன் எறிந்துவிட்டால், நிரல் ஓடும் நேரத்தில் டெர்மினேட் அழைக்கப்பட்டு எல்லாம் அங்கேயே நின்றுவிடும். ஜி.சி.சி.யில் இதற்குத் தனிக் கட்டளைகூட வேண்டியதில்லை. எக்ஸெப்ஷன் எந்த அழைப்பிலிருந்து வந்தால் எங்கே போவது என்ற அட்டவணையை அது தயாரிக்கும்போது, இந்த அழைப்புகளுக்கு வரி போடாமல் விட்டுவிடுகிறது. வரியில்லாத இடத்திலிருந்து எக்ஸெப்ஷன் வந்தால், அட்டவணையைப் படிக்கும் ஓடுநேரப் பகுதி டெர்மினேட்டை அழைக்கிறது. கிளாங் என்ற மற்றொரு கம்பைலர் அதே வேலைக்கு ஒரு சிறு துண்டு நிரலை வைத்து அதை அழைக்கிறது. இது காவல்தான், சரிபார்ப்பு இல்லை.

டிஸ்ட்ரக்டர்களுக்கு வந்தால் 2011இல் வந்த சி++11 ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. நீங்கள் ஒன்றும் எழுதாவிட்டாலும் டிஸ்ட்ரக்டர் நோஎக்ஸெப்ட் என்றே கொள்ளப்படும். இதற்கு விலக்கு இரண்டு. நீங்களே நோஎக்ஸெப்ட்(ஃபால்ஸ்), அதாவது எறியலாம், என்று வெளிப்படையாக எழுதுவது ஒன்று. உள்ளே இருக்கும் உறுப்பின் அல்லது அடிக்கிளாஸின் (எந்தக் கிளாஸிலிருந்து இது பிறந்ததோ அதன்) டிஸ்ட்ரக்டர் எறியக்கூடியதாக இருப்பது மற்றொன்று. இரண்டாவதை நன்றாகக் கவனிக்க வேண்டும். எறியும் டிஸ்ட்ரக்டர் உள்ள ஆப்ஜெக்டை ஒரு கிளாஸில் உறுப்பாக வைத்தால், அந்தக் கிளாஸின் டிஸ்ட்ரக்டரும் எறியக்கூடியது ஆகிவிடுகிறது. அதை உறுப்பாக வைத்திருக்கும் கிளாஸும் அப்படியே. ரப்பர் பாலில் விழுந்த ஒரு துளி அமிலம் போலப் பரவும்.

பரவுவதைக் கம்பைலர் சில இடங்களில் பிடிக்கும். அடிக்கிளாஸின் விர்ச்சுவல் டிஸ்ட்ரக்டர் எறியாது என்று இருக்க, அதிலிருந்து பிறந்த கிளாஸின் டிஸ்ட்ரக்டர் எறியக்கூடியதாக இருந்தால் அது எச்சரிக்கைகூட இல்லை, பிழை, கம்பைல் ஆகாது. சி++17 முதல் நோஎக்ஸெப்ட் ஃபங்ஷனின் வகையிலேயே ஒரு பகுதி ஆகிவிட்டதால், எறியக்கூடிய ஃபங்ஷனின் முகவரியை எறியாத ஃபங்ஷனுக்கான சுட்டியில் வைக்க முடியாது. டிஸ்ட்ரக்டரின் உடலிலேயே எறியும் வரி வெளிப்படையாக இருந்து, அதைச் சுற்றிப் பிடிக்கும் பகுதி இல்லாவிட்டால் மூன்று பெரிய கம்பைலர்களும் எச்சரிக்கின்றன: ஜி.சி.சி., இது எப்போதும் டெர்மினேட்டில்தான் முடியும் என்கிறது. கிளாங்குக்கும் அதுபோன்ற எச்சரிக்கை உண்டு. விஷுவல் சி++ அதை சி4297 என்ற எண்ணால் சொல்கிறது. ஆனால் எறியும் வரியை இன்னொரு ஃபங்ஷனுக்குள் தள்ளி, அந்த ஃபங்ஷனை டிஸ்ட்ரக்டரிலிருந்து அழைத்தால் கம்பைலரின் எச்சரிக்கைகள் மௌனமாகிவிடும். கிளாங்-டைடி என்ற நிரல் சரிபார்க்கும் கருவியில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. டிஸ்ட்ரக்டர், மூவ் கன்ஸ்ட்ரக்டர், ஸ்வாப், மெயின் போன்றவற்றிலிருந்து எக்ஸெப்ஷன் தப்புமா என்று அழைப்புகளுக்குள்ளும் நுழைந்து பார்க்கும். அதுவும் கண்ணுக்குத் தெரியும் உடல்கள் வரைதான்.

எங்களை மிகவும் கலங்கவைத்தது யூனிக்-பாயின்டர். ஓர் ஆப்ஜெக்டை வைத்திருந்து, தான் அழியும்போது அதையும் அழிக்கும் லைப்ரரிக் கருவி அது. எறியும் டிஸ்ட்ரக்டர் உள்ள ஆப்ஜெக்டை அதற்குள் வைத்துவிட்டு, இந்த யூனிக்-பாயின்டர் எறியாமல் அழியுமா என்று கம்பைல் நேரத்தில் கேட்டோம். ஆம் என்று பதில் வந்தது. யூனிக்-பாயின்டரின் டிஸ்ட்ரக்டர் நோஎக்ஸெப்ட் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது, கேள்வி அந்த அறிவிப்பை மட்டுமே பார்க்கிறது. உள்ளே இருப்பது எறிந்தால் நிரல் செத்துவிடும். ஆப்ஜெக்டுகளை வரிசையாக வைக்கும் வெக்டருக்குள் வைத்தாலும் இதே கதி. சோதனை பச்சைக்கொடி காட்டுகிறது, பாலமோ இல்லை.

இப்போது வழிகள்.

எறியும் டிஸ்ட்ரக்டர்

இதன் ஈர்ப்பு உண்மையானது. அழைப்பவர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆப்ஜெக்டை உருவாக்கினார், எழுதினார், அடைப்பு முடிந்தது. மூட முடியாவிட்டால் எக்ஸெப்ஷன் வருகிறது. அந்த இரவில் எங்கள் நிரலில் இது இருந்திருந்தால் "முடிந்தது" என்ற வரி பதிவேட்டில் விழுந்திருக்காது.

சிக்கல், இன்னொரு எக்ஸெப்ஷன் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும்போது தொடங்குகிறது. பெட்டியோடு தொடர்பு அறுந்து ஒரு எக்ஸெப்ஷன் எழுகிறது. அது மேலே போகும் வழியில் ஸ்டாக்கைப் பிரித்து, அதாவது நடுவில் நிற்கும் ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகக் கலைத்து, கோப்பு ஆப்ஜெக்டின் டிஸ்ட்ரக்டரை அழைக்கிறது. அதுவும் எறிந்தால் இரண்டு எக்ஸெப்ஷன்கள். சி++ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காது, சேர்த்துக் கட்டாது, டெர்மினேட். வட்டு நிறைந்த இரவில் தொடர்பும் அறுந்தால் மற்ற எல்லா ஆலைகளின் கணக்கும் சேர்ந்து போகும். காற்று பலமாக இருக்கும் நாள்களில்தான் அங்கே மின்தடையும் தொடர்பு அறுதலும் கூடுதல். இரண்டு கேடு சேர்ந்து வருவது அரிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்குச் சி++17 தரும் கருவி, இப்போது எத்தனை எக்ஸெப்ஷன்கள் பிடிபடாமல் பறக்கின்றன என்ற எண்ணிக்கையைச் சொல்லும் ஃபங்ஷன். சி++ வல்லுநர் ஹெர்ப் சட்டரின் முன்மொழிவில் வந்தது. அதற்கு முன் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் ஒன்று இருந்தது. ஏற்கெனவே ஒரு ஸ்டாக் பிரியும்போது அதற்குள் புதிதாக உருவாகி முறையாக முடியும் ஆப்ஜெக்டுக்கும் அது "ஆம், பறக்கிறது" என்று சொல்லிவிடும். எனவே அதைச் சி++20 நீக்கிவிட்டது. எண்ணிக்கை இருந்தால், ஆப்ஜெக்ட் பிறந்தபோது எத்தனை, சாகும்போது எத்தனை என்று ஒப்பிடலாம். கூடியிருந்தால் மௌனம், கூடாவிட்டால் எறிதல். இதைக்கொண்டு எழுதிப் பார்த்தோம், வேலை செய்தது.

ஆனாலும் இந்த வழியைத் தள்ளினோம். இரட்டை எக்ஸெப்ஷனை எண்ணிக்கை தடுத்துவிடுகிறது. யூனிக்-பாயின்டரைத் தடுக்கவில்லை. எங்களில் யாராவது ஆறு மாதம் கழித்து இந்தக் கோப்பு ஆப்ஜெக்டை வசதிக்காக ஒரு வெக்டரில் போட்டால், ஒரு எச்சரிக்கையும் வராமல், வட்டு நிறையும் அந்த ஓர் இரவில் நிரல் செத்துப்போகும். இன்னொரு மெல்லிய கேடும் உண்டு. ஒரு கிளாஸை எறியாமல் மூவ் செய்ய (காப்பி எடுக்காமல் உள்ளடக்கத்தை இடம்மாற்ற) முடியுமா என்ற லைப்ரரிச் சோதனை, தற்காலிக ஆப்ஜெக்ட் அழிவதையும் சேர்த்தே பார்க்கிறது. டிஸ்ட்ரக்டர் எறியக்கூடியது என்றால், மூவ் எவ்வளவு பாதுகாப்பானதாக இருந்தாலும் "இல்லை" என்றே பதில். உடனே வெக்டர் இடம் பெருக்கும்போது மூவ் செய்வதை விட்டுக் காப்பி செய்யத் தொடங்கும். எங்கள் கோப்பைப் போலக் காப்பி செய்ய முடியாததாக இருந்தால் வேறு வழியின்றி மூவ் செய்து, வலுவான உறுதியைக் கைவிடும். லைப்ரரி முழுவதும் டிஸ்ட்ரக்டர் எறியாது என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. அந்த நம்பிக்கையை ஓர் ஆப்ஜெக்டுக்காக உடைத்தால் விலை எங்கே வசூலாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கம்பைலர்களே இந்த மூலையில் தடுமாறியிருக்கின்றன: ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பு உருவான பிறகு உள்ளூர் ஆப்ஜெக்டின் டிஸ்ட்ரக்டர் எறிந்தால், அந்த மதிப்பை அழிக்க வேண்டும் என்பதை ஜி.சி.சி. நெடுங்காலம் செய்யாமல் விட்டிருந்தது.

விழுங்கிவிட்டுப் பதிவேட்டில் எழுதுதல்

ஓஎஃப்ஸ்ட்ரீம் செய்வதோடு ஒரு பதிவேட்டு வரியைச் சேர்ப்பது இது. பலரும் இதைத்தான் செய்கிறார்கள். எங்களுக்கு இது பொருந்தாது என்று சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. பதிவேட்டை மனிதர் படிப்பார். அழைத்த நிரல் படிக்காது. அது தொடர்ந்து அந்த நாளை முடிந்தது என்று குறித்துவிட்டு அடுத்த ஆலைக்குப் போய்விடும்.

ஆனால் எல்லா வளங்களுக்கும் இதைத் தள்ளக்கூடாது. வீட்டை விட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவர் பூட்டுகிறார். பூட்டு விழவில்லை என்றால் உள்ளே சொல்ல ஆளில்லை. உள்ளே பொருள் இருந்தால்தான் அது கவலை, காலி வீடென்றால் போகட்டும். நினைவகத்தை விடுவித்தல், நிரலுக்குள் போட்ட பூட்டை (மியூடெக்ஸ்) விடுவித்தல், படிக்க மட்டும் திறந்த கோப்பை மூடுதல், பெட்டியோடு வைத்த தொடர்பைத் துண்டித்தல் இவையெல்லாம் காலி வீடுகள். தொடர்பைத் துண்டிப்பதில் பிழை வந்தால் அதைக்கொண்டு செய்ய எங்களுக்கு எதுவும் இல்லை. இவற்றுக்கு எறியாத, விழுங்கும் டிஸ்ட்ரக்டரே சரி. இன்றும் எங்கள் நிரலில் பெரும்பாலான டிஸ்ட்ரக்டர்கள் அப்படித்தான். எழுதிய கோப்பும், தரவுத்தளப் பரிவர்த்தனையும் பொருள் உள்ள வீடுகள்.

மொழியையே மாற்றினால்?

இதை எங்களில் ஒருவர் உறுதியாக முன்வைத்தார், அதுவும் ரஸ்ட் மொழிக்கு என்று. ரஸ்ட்டை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு அது விடை தரவில்லை. அங்கே டிஸ்ட்ரக்டரின் இடத்தில் இருக்கும் ட்ராப், தோல்வியைத் திருப்பித் தர முடியாது. பஃபர் வைத்து எழுதும் ஆப்ஜெக்ட் ட்ராப் ஆகும்போது மிச்சத்தை எழுத முயலும், தோற்றால் பிழையை விட்டுவிடும். எங்கள் 0 பைட் கோப்பு ரஸ்ட்டிலும் அப்படியே உருவாகியிருக்கும். பேனிக் (மீள முடியாத பிழை) ஒன்று நடக்கும்போது ட்ராப்புக்குள் இன்னொரு பேனிக் எழுந்தால் நிரல் நின்றுவிடும். சி++இன் டெர்மினேட்டைப் போலத்தான். ஆனால் ஒன்றில் அது முந்தி நிற்கிறது: தோல்வியைச் சுமக்கும் மதிப்பை யாராவது பார்க்காமல் விட்டால் கேட்காமலேயே எச்சரிக்கிறது.

இந்தக் கேள்வியில் மிக நேர்மையாக நடந்துகொள்வது ஜாவா என்பது என் எண்ணம். 2011இல் வந்த ஜாவா 7, வளத்தோடு சேர்ந்த ட்ரை என்ற அமைப்பைத் தந்தது. உடலில் ஒரு எக்ஸெப்ஷனும் மூடுவதில் இன்னொன்றும் எழுந்தால், முதலாவது மேலே போகும், இரண்டாவது அதன்மேல் அமுக்கப்பட்டதாக ஒட்டிக்கொண்டு கூடவே போகும். எதுவும் தொலைவதில்லை. மூடும் ஃபங்ஷன் எறியும் எக்ஸெப்ஷன்களில் கம்பைலர் சோதிக்கும் (செக்ட்) வகையை அறிவிப்பில் எழுத வேண்டும். கையாளாவிட்டால் கம்பைல் ஆகாது. டி மொழி இரண்டு எக்ஸெப்ஷன்களைச் சங்கிலியாகக் கோக்கிறது. அதோடு, எறியமாட்டேன் என்று அறிவித்த ஃபங்ஷனின் உடலைக் கம்பைலரே சோதித்து, எறியக்கூடிய அழைப்பு இருந்தால் பிழை தருகிறது. சி++இல் நாங்கள் எதிர்பார்த்து ஏமாந்த சரிபார்ப்பு அங்கே இருக்கிறது.

இருந்தும் மாறவில்லை. பெட்டிகளோடு பேசும் பகுதி முழுவதும் பல ஆண்டுகள் தளத்தில் ஓடித் தேய்ந்து சீரான சி++ நிரல். கோப்பை மூடும் பத்து வரிகளுக்காக அதைக் கலைப்பது, பூட்டு சரியில்லை என்று வீட்டை இடிப்பதாகும்.

தனியாக ஒரு முடிக்கும் அழைப்பு

தோல்வி அடையக்கூடிய வேலையை டிஸ்ட்ரக்டரிலிருந்து வெளியே எடுத்து, முடி என்ற சாதாரண ஃபங்ஷனில் வைப்பது இது. அங்கே எறிவதில் எந்த ஆபத்தும் இல்லை. அது டிஸ்ட்ரக்டர் இல்லை, ஸ்டாக் பிரியும்போது அதை யாரும் தானாக அழைப்பதில்லை. டிஸ்ட்ரக்டருக்கு மிச்சமிருக்கும் வேலை ஒன்றுதான்: முடி அழைக்கப்படாமல் செத்தால், செய்த அரைகுறையை அழித்துவிடுவது.

நாங்கள் அமைத்த விதம் இது. கோப்பை அதன் உண்மைப் பெயரில் எழுதுவதில்லை. தற்காலிகப் பெயரில் எழுதுகிறோம். முடி அழைக்கப்பட்டதும் பஃபரைக் காலி செய்து, எஃப்சிங்க் என்ற இயங்குதள அழைப்பின் மூலம் வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்து, மூடி, கடைசியாக உண்மைப் பெயருக்கு மாற்றுகிறோம். லினக்ஸில் ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயல். பார்க்கிறவருக்குப் பழைய நிலை தெரியும் அல்லது முழுக்கோப்பு தெரியும், நடுநிலை தெரியாது. இடையில் எது தோற்றாலும் எக்ஸெப்ஷன் எழும், டிஸ்ட்ரக்டர் தற்காலிகக் கோப்பை அழிக்கும். அழிப்பது தோற்றால் விழுங்கிக்கொள்ளும். குப்பைக் கோப்பு ஒன்று மிஞ்சும், அவ்வளவுதான். ஏப்ரகாம்ஸ் சொன்ன வலுவான உறுதி இங்கே கைக்கு எட்டுகிறது. எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் அதே கோப்பில் மறுபடி முயன்று பார்க்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டோம். லினக்ஸில் இரண்டாம் முறை அது வெற்றி என்று சொல்வதை நம்ப முடியாது. முதலிலிருந்து எழுத வேண்டும்.

இதன் குறை எல்லாருக்கும் தெரிந்தது: முடியை அழைக்க மறந்துவிடலாம். கம்பைலர் பிடிக்காது. ஃபங்ஷன் தரும் விடையைப் புறக்கணிக்காதே என்று சி++17இல் எழுதலாம். அழைக்காமலே விட்டதைப் பிடிக்க அதனால் ஆகாது. ஆனால் மறந்தால் என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். முன்பு மறதியின் விளைவு, இருப்பதுபோலத் தோன்றும் வெற்றுக் கோப்பு. இப்போது மறதியின் விளைவு, கோப்பே இல்லை. எழுதியவர் முதல் முறை ஓட்டிப் பார்க்கும்போதே அது கண்ணில் படும். வட்டு நிறையும் இரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த வழியின்மேல் நம்பிக்கை வந்தது இதனால்தான்.

மறதியையும் மூடிவிட முடியும். கோப்பு ஆப்ஜெக்டை யாருக்கும் நேரடியாகக் கொடுக்காமல், ஒரு ஃபங்ஷன் அதை உருவாக்கி, எழுத வேண்டியதை லாம்டாவாக (பெயரில்லாத சிறு ஃபங்ஷனாக) வாங்கி ஓட்டிவிட்டு, முடியைத் தானே அழைக்கிறது. லாம்டா எறிந்தால் முடி அழைக்கப்படாது, கோப்பு மறையும், அந்த எக்ஸெப்ஷன் தடையின்றி மேலே போகும். எறியும் டிஸ்ட்ரக்டர் தந்த வசதி முழுவதும் இதில் கிடைக்கிறது, அதன் நஞ்சு இல்லாமல். ஒரே நேரத்தில் மூன்று நான்கு கோப்புகள் வேண்டுமானால் லாம்டாவுக்குள் லாம்டா என்று உள்ளே போய்ப் படிக்கச் சிரமமாகும். ஒரு கிளாஸின் உறுப்பாக நெடுநேரம் வாழ வேண்டிய கோப்புக்கும் இது பொருந்தாது. எங்களுக்கு ஓர் ஆலைக்கு ஒரு கோப்பு, ஒரே மூச்சில் எழுதி முடிப்பது. ஆகவே இதையே எடுத்தோம்: உள்ளே முடிக்கும் அழைப்பு, வெளியே லாம்டா வாங்கும் ஃபங்ஷன்.

உங்கள் கோப்பு நாள் முழுவதும் திறந்தே இருந்து வரி வரியாக வளர்வது என்றால் என் பரிந்துரை மாறும். லாம்டாவை விட்டுவிட்டு முடி அழைப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பஃபரைக் காலி செய்து பிழையைப் பாருங்கள். எக்ஸெப்ஷன்களையே அணைத்துவிட்டுக் கம்பைல் செய்யும் குழு என்றால் முடி எறியாமல் பிழைக்குறியைத் திருப்பித் தரட்டும், மற்றவை அப்படியே.

கம்பைலர் செய்யாததை எப்படிச் சோதித்தோம்

கம்பைலரிடம் கேட்கக்கூடியதை எல்லாம் கேட்டோம். எங்கள் கிளாஸ் ஒவ்வொன்றின் அடியிலும், இது எறியாமல் அழியும் என்ற கம்பைல் நேர உறுதிவரி. உள்ளே யாராவது எறியும் டிஸ்ட்ரக்டர் உள்ள உறுப்பை நேரடியாகச் சேர்த்தால் அங்கேயே உடையும். டெர்மினேட் பற்றிய எச்சரிக்கைகளைப் பிழையாக உயர்த்தினோம். கிளாங்-டைடியின் அந்தச் சோதனையை ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டுகிறோம்.

வலுவான உறுதிக்கு ஏப்ரகாம்ஸே பயன்படுத்திய முறையை எடுத்துக்கொண்டோம். எறியக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண்ணி (கவுன்டர்). முதல் ஓட்டத்தில் 1ஆம் இடத்தில் வேண்டுமென்றே எறியச் செய்வது, அடுத்ததில் 2ஆம் இடத்தில், இப்படியே எதுவும் எறியாமல் முடியும் வரை. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஒரே கேள்வி: முழுக்கோப்பு இருக்கிறதா, அல்லது ஒன்றுமே இல்லையா? இதோடு, சிறிய அளவு குறித்த தற்காலிகக் கோப்பு முறைமை ஒன்றை இணைத்து உண்மையிலேயே வட்டை நிறைத்தும் பார்த்தோம். எழுதும்போது இடமில்லை என்ற பிழையை மட்டும் வரவழைக்க, லினக்ஸில் டெவ் அடைவில் (கோப்புறையில்) இருக்கும் ஃபுல் என்ற சாதனமே போதும். அதில் எதை எழுதினாலும் இடமில்லை என்றே சொல்லும்.

எண்ணிச் சோதனை ஒரே ஓர் இடத்தில் எங்களை மடக்கியது. பெயர்மாற்றம் முடிந்த பிறகு, அது மின்தடைக்குப் பின்னும் நிலைக்க வேண்டுமானால் அடைவுக்கும் ஒருமுறை எஃப்சிங்க் செய்ய வேண்டும். அது தோற்றால்? கோப்பு உண்மைப் பெயரில் முழுதாக இருக்கிறது, ஆனால் முடி எக்ஸெப்ஷன் எறிந்துவிட்டது. தொடங்காததுபோல இல்லை, முடிந்தது என்றும் சொல்ல முடியாது. பெயர்மாற்றத்தைத் திரும்பப் பெறலாமா என்று ஒரு நாள் முழுக்கப் பேசினோம். அந்தத் திரும்பப் பெறுதலும் தோற்கலாம், அதற்கும் அடைவு எஃப்சிங்க் வேண்டும். கடைசியில் அந்தத் தோல்விக்கு மட்டும் தனியாக ஒரு எக்ஸெப்ஷன் வகை வைத்து, அது வந்தால் அதே ஆலையின் விவரத்தைப் பெட்டியிலிருந்து மறுபடி வாங்கி அதே பெயரில் மீண்டும் எழுதுவது என்று முடிவு செய்தோம். ஒரே நாளின் 96 வரிகளை இரண்டு முறை எழுதினாலும் கோப்பு ஒன்றுதான். பழைய பெட்டிகள் விவரத்தை வைத்திருக்கும் அந்த ஒரு நாளுக்குள் இது நடந்துவிட வேண்டும் என்பதால், இரவு 1 மணிக்குள் மூன்று முறை முயன்றும் ஆகாவிட்டால் தளப் பொறியாளரின் தொலைபேசிக்குச் செய்தி போகிறது.